டோக்கனுக்கு முந்தைய வரிசை

படித்தது என் மனைவி. நான் கூடப் போனவன். எழுதச் சொன்னதும் அவள்தான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் படித்த ஆறு வருடத் தமிழ் எனக்கு உண்டு. அதை வைத்து எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில் கெடா பக்கம் ஒரு சின்ன டவுன். அங்கே ஆஸ்பத்திரியில் நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். சரோஜா அதே ஆஸ்பத்திரியில் சிஸ்டர். நாற்பது தாண்டிய பிறகு அவளுக்குப் படிப்பு ஆசை வந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் எம்.பி.ஏ. இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று தபாலில் நடத்தியது. டாக்டர்களும் மேட்ரன்களும் சேர்ந்திருந்தார்கள். கம்பெனி நடத்துகிறவர்கள் படிக்கிற பாடம்தான், சரக்கு என்று இருக்கும் இடத்தில் நோயாளி என்று இருக்கும். டியூட்டி முடிந்து வந்து மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் படித்தாள். நான் சட்டியைக் கழுவினேன்.

கடைசியில் ஓர் ஆய்வு உண்டு. ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். எழுதியது உண்மை என்று அந்த ஆஸ்பத்திரித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அனுமதி கிடைக்கவில்லை. காரணம் சொல்லவில்லை.

சரோஜா வார்டு டாக்டர் ஒருவருக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அவருடைய அண்ணனும் டாக்டர். ஊரில் முப்பது கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்துகிறார். "அண்ணன் ஒத்துக்குவார், போய்ட்டு வாங்க" என்று கடிதம் கொடுத்தார். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் அது. மூன்று வாரம் லீவு. மாதக் கடைசிக்குள் ஆய்வு போய்ச் சேராவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இன்னொரு வருடத்துக்கு அவள் உடம்பில் தெம்பு இல்லை. அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

தங்கியது ஸ்ரீவில்லிபுத்தூரில், டாக்டருக்கு வேண்டியவர் வீட்டு மாடியில். தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போவோம். அரை மணி நேரம். வலது கைப் பக்கம் மலை கூடவே வரும். மலையில் மேகம் உட்கார்ந்திருக்கும். கீழே மழை இல்லை, காற்று மட்டும். ஆடிக் காற்று என்று கேள்விப்பட்டிருந்தேன். முதல் நாள் என் தொப்பியைக் கொண்டு போனது.

சாப்பாட்டில் குறை இல்லை. பால்கோவாவை இலையில் வைத்துக் கொடுத்தார்கள். சூடாக இருந்தது. சரோஜா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள், அப்படிக் கேட்கிறவள் அல்ல. சாயந்தரம் பரோட்டா. எங்கள் ஊரில் இதையே ரொட்டி சானாய் என்று காலையில் சாப்பிடுவோம். இங்கே காலையில் கேட்டேன். கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மூன்றாம் நாள் பஸ் பாதி வழியில் நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. மாற்று பெல்ட் இல்லை. நானும் இறங்கினேன். பஸ்ஸில் ஒருவர் சத்திரப்பட்டிக்காரர், காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை மூட்டையாக வைத்திருந்தார். அந்த ஊர் முழுக்க அதுதான் நெய்கிறார்களாம். இருபது வருடமாக என் வண்டியில் கிடக்கும் துணி. எங்கே நெய்கிறார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு சுருளை வாங்கி மடித்து முறுக்கி பெல்ட்டாகக் கட்டினேன்.

"தாங்குமா அண்ணாச்சி?" என்றார் டிரைவர்.

"மெதுவா போனா தாங்கும்."

"மெதுவாவா? இந்த வண்டிக்கு வேற போக்கு தெரியாதே."

கண்டக்டர் உள்ளே திரும்பிச் சத்தம் கொடுத்தார். "ஏலே, எல்லாரும் ஏறுங்க. வண்டிக்குக் கட்டுப் போட்டாச்சு, ரத்தம் நின்னுட்டு."

ராஜபாளையம் வரை தாங்கியது.

ஆஸ்பத்திரி மாடிக் கட்டடம். முன்னால் வேப்ப மரம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் காதர் பாய் டீக்கடை. டாக்டருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வீட்டில் தெலுங்கு, நோயாளியிடம் தமிழ், சரோஜாவிடம் ஆங்கிலம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். அவருக்கு ஒரு பெருமை உண்டு. முன்பெல்லாம் கூட்டம் முண்டியடிக்குமாம். அவர் பித்தளையில் எண் வெட்டி வட்ட வட்டமாக டோக்கன் செய்து வைத்தார். எட்டேகாலுக்குப் பேச்சியம்மாள் என்ற அம்மா ஜன்னலைத் திறந்து டோக்கன் கொடுப்பார். அந்த எண்படி உள்ளே போக வேண்டும். தள்ளுமுள்ளு போய்விட்டது.

"இங்கே யாரும் காத்துக் கிடக்க மாட்டாங்க சிஸ்டர். அளந்து பாருங்க" என்றார்.

அளந்தோம். சரோஜா டோக்கன் ஜன்னல் பக்கம் நின்று ஒவ்வொருவரிடமும் எப்போது வந்தீர்கள் என்று கேட்டு எழுதினாள். நான் டாக்டர் அறைக் கதவில் கைக்கடிகாரத்துடன் நின்று, எந்த எண் எத்தனை மணிக்கு உள்ளே போனது என்று குறித்தேன். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தாம்மா வாரேன்."

ஒன்பது நாள். ராத்திரி மாடியில் உட்கார்ந்து கட்டம் போட்டு அம்புக்குறி போட்டு எழுதுவாள். சராசரியாக ஒரு நோயாளி நாற்பது நிமிடத்தில் டாக்டரைப் பார்த்துவிடுகிறார் என்று வந்தது. எங்கள் ஊரில் பாதி நாள் ஆகும். சரோஜாவுக்குச் சந்தோஷம். சின்ன ஊர் ஆஸ்பத்திரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிக் கொடுக்கிறது என்று முடிவுரையை எழுதிவிட்டாள். டாக்டருக்கும் வாசித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

பத்தாம் நாள் ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். ஆறு மணிக்கு மேல் ஊருக்குள் பஸ் வராது என்று வீட்டுக்காரர் சொன்னார். அதனால் விடியுமுன் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். எதிரே தேருக்கு வருகிற கூட்டம் ரோடு முழுக்க நடந்து வந்தது. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் போனோம்.

நாலரைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம். சரோஜா பக்கத்துக் கதவு வழியாக நர்ஸ் அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தாள். நான் டீக்கடைக்குப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவர் ஓரம், தெரு விளக்கின் கீழ், சாமான்கள் வரிசையாக இருந்தன. முதலில் ஒரு செங்கல். பிறகு சிவப்புத் துண்டு, மேலே கல். மஞ்சள் ஒயர் கூடை. ஒரு ஜோடி செருப்பு. குடை. எக்ஸ்ரே உறை, அது காற்றில் போகாமல் மேலே ஒரு பித்தளைச் சொம்பு. எண்ணினேன். பத்தொன்பது. பக்கத்தில் ஆள் இல்லை.

"பாய், இதெல்லாம் யாரு விட்டுட்டுப் போனது?"

"விட்டுட்டு யாரும் போகல அண்ணாச்சி. நிக்காவ" என்றார் காதர் பாய்.

"யாரு?"

"நோயாளிவதான். செங்கல் சேத்தூர்க்காரரு, மூணரைக்கு வச்சாரு. பருத்தி மூட்டை இறக்கப் போயிருக்காரு. கூடை தளவாய்புரம் சுப்புத்தாயி. நைட்டி தைக்கிற பொம்பள. மூணே முக்காலுக்கு வச்சிட்டு, பக்கத்துத் தெருவுல அக்கா வீட்டுல செத்த நேரம் படுத்துருக்கு. துண்டுக்காரன் நைட் ஷிப்டு முடிஞ்சு மில்லுல இருந்து வந்து வச்சிட்டுக் குளிக்கப் போயிருக்கான்."

"டோக்கன் எட்டேகாலுக்குத்தானே?"

"டோக்கனு வாங்க ஒரு வரிசை வேணும்லா? அதான் இது."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. ஒருவர் நிறைமாதப் பெண்ணை இறக்கி மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் ஒரு துணிப்பையை வைத்தார். காதர் பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். தெருவைக் கடந்து போய் அந்தப் பையை எடுத்துச் செங்கலுக்கு முன்னால் வைத்தார். திரும்பி வந்து மறுபடி டீ ஆற்றினார்.

"செங்கல்காரர் சண்டைக்கு வரமாட்டாரா?"

"வருவாரா? அவரு வீட்டுலயும் பொம்பள உண்டும்லா. மாசமா இருந்தா முன்னால. கைப்பிள்ளைக்குக் காய்ச்சல்னா அதுக்கும் முன்னால. நாய் கடிச்சிருந்தா எல்லாத்துக்கும் முன்னால."

"இது யார் போட்ட சட்டம்?"

"யாரு போடுவா? நடந்துட்டு இருக்கு."

எட்டு மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். முகம் கழுவி, தலை சீவி, இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் போல வந்தார்கள். செருப்புக்காரர் செருப்பைப் போட்டுக்கொண்டார். சுப்புத்தாய் கூடையை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் திறந்தது. சரோஜா கேட்டாள்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தாம்மா" என்றாள் சுப்புத்தாய்.

பொய் என்று சொல்ல முடியாது. அவள் இப்போதுதான் வந்தாள். கூடை மூன்றே முக்காலுக்கு வந்தது.

அன்று முழுதும் கதவில் நின்று நேரத்தைக் குறித்தேன். எழுதுகிற ஒவ்வோர் எண்ணும் தப்பு என்று தெரிந்தே எழுதினேன். எங்கள் வேலையிலும் இது உண்டு. ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது என்று எழுதுவோம். போன் வந்த நேரத்திலிருந்து எண்ணுவோம். ஆள் விழுந்த நேரத்திலிருந்து யாரும் எண்ணுவதில்லை. நானும் எண்ணியதில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன என்று யோசித்தேன். முடிவுரை எழுதியாகிவிட்டது. டாக்டருக்குச் சந்தோஷம். கையெழுத்து நிச்சயம். ஊருக்குத் திரும்ப ஐந்து நாள் இருந்தது.

சாயந்தரம் பஸ் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டது. தேர்க் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ரோடெல்லாம் வாழைப்பழத் தோல். நடந்தோம். மாடிப்படிக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னேன்.

"சரோஜா, கணக்கு தப்பு."

நின்றாள். கூடையை, செங்கலை, பாய் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"எப்ப பார்த்தீங்க?"

"காலைல."

"காலைல பார்த்துட்டு இப்ப வந்து சொல்றீங்களா?"

"ஆமா."

அன்று அவள் சாப்பிடவில்லை. எழுதிய தாளை எல்லாம் எடுத்துப் பார்த்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. அடுக்கி வைத்துவிட்டு, "மூணு மணிக்கு எழுப்புங்க" என்றாள்.

அடுத்த மூன்று நாளும் பக்கத்து வீட்டுக்காரரின் பால் வேனில் போனோம். கேன்களுக்கு நடுவே உட்கார இடம் இருந்தது. சரோஜா சுவர் ஓரம் நோட்டுடன் நின்றாள். யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், பிறகு எங்கே போனார்கள், யாருக்காக எது முன்னால் நகர்ந்தது என்று எல்லாவற்றையும் எழுதினாள். விட்டுப்போனதைக் காதர் பாய் ஞாபகத்திலிருந்து சொன்னார். டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். ஒன்றும் தப்பவில்லை.

செங்கல்காரர், துண்டுக்காரர், சுப்புத்தாய் மூவருக்கும் அந்த வாரம் தினமும் ஊசி, தினமும் வந்தார்கள். செங்கல்காரருக்குச் சந்தேகம். "எதுக்கும்மா எழுதுதீங்க? செங்கலுக்கு வரி போடவா?"

துண்டுக்காரர் சொன்னார், "உம்ம செங்கலுக்குத்தான் வேய் ஊசி போடப்போறாவ."

சுப்புத்தாய் மட்டும் சரோஜாவைத் தனியாகக் கூப்பிட்டாள். மெலிந்த பெண். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"அம்மா, நாங்க இப்படிக் காத்துக் கெடக்கோம்னு டாக்டர் ஐயாட்ட சொல்லிராதீங்க. அவிய மனசு சங்கடப்படும். எட்டு வருசமா எனக்கு வைத்தியம் பாக்காவ. நல்லவிய."

"உங்களுக்கு நல்லதுதானே?"

"நல்லது இருக்கட்டும். அவிய முகம் சுண்டிப் போச்சுன்னா யாருட்ட போவேன்?"

பேச்சியம்மாளிடம், இந்த வரிசை உங்களுக்குத் தெரியாதா என்று சரோஜா கேட்டாள். "தெரியுமே. நீங்க டோக்கனைப் பத்தித்தான கேட்டீங்க" என்றார் அந்த அம்மா.

புதுக் கணக்கில் நான்கரை மணி நேரம் வந்தது. நாற்பது நிமிடம் இருந்த இடத்தில் நான்கரை மணி நேரம். சரோஜா முடிவுரையைத் திருப்பி எழுதினாள். டாக்டர் எட்டரைக்கு உட்காருவதால் ஊர் மூன்றரைக்கு எழுந்திருக்கிறது என்று எழுதினாள். யாருக்கு அவசரம் என்று டீக்கடையில் பிரிக்கிறார்கள், ஆஸ்பத்திரி பிரிக்கவில்லை என்றும் எழுதினாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம் டாக்டர் அறைக்குப் போனோம். அவள் இரண்டையும் மேசையில் வைத்தாள். பழையது, புதியது. டாக்டர் புதியதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எனக்காகவோ என்னவோ, தமிழில் பேசினார்.

"இருபத்தெட்டு வருஷமா எட்டரைக்கு வந்து உட்கார்றேன் சிஸ்டர். என் மகள் கல்யாணத்தன்னிக்குக் கூட."

"தெரியும் டாக்டர்."

"நான் நாலரை மணி நேரம் ஜனங்களைத் தெருவுல போட்டு வச்சிருக்கேன்னு நானே கையெழுத்துப் போடணுமா? என்கிட்ட ஒருத்தர் சொல்லலையே. ஒருத்தர்."

"அவங்க சொல்ல மாட்டாங்க டாக்டர்."

அவர் பழைய தாளை முன்னால் இழுத்தார். பேனாவைத் திறந்தார். "இதுல போடுறேன். இதுவும் நீங்க அளந்ததுதானே. எடுத்துட்டுப் போங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தாளின் மேல் கையை வைத்தாள்.

"இது வேண்டாம் டாக்டர். இது தப்பு."

பேனாவை மூடினார். "காலைல நானே வந்து பாக்குறேன். இருந்தா போடுறேன்" என்றார்.

படி இறங்கும்போது சொன்னேன். "பழைய தாளை வாங்கியிருக்கலாம்."

"நீங்கதானே தப்புன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்."

"பின்ன?"



மறுநாள் பெட்டியோடு போனோம். ஒன்பதரைக்கு மதுரை பஸ். அதை விட்டால் விமானம் போய்விடும். நாலேமுக்காலுக்கு இருபத்துமூன்று சாமான்கள் இருந்தன. ஆட்களும் சிலர் இருந்தார்கள். தெரு முனையில் கார் வெளிச்சம் தெரிந்தது.

"ஏலே, டாக்டர் ஐயா வண்டி" என்றார் செங்கல்காரர். "எடுங்கலே. வழியில கெடக்கு. எடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. செங்கல் வேட்டி மடிப்புக்குள் போனது. துண்டு இடுப்புக்குப் போனது. அங்கே இல்லாதவர்கள் சாமானையும் பக்கத்தில் இருந்தவர்கள் அள்ளினார்கள். மரியாதைக்குத்தான் செய்தார்கள். ஐயா வரும் வழியில் செருப்புக் கிடக்கக் கூடாது.

டாக்டர் இறங்கினார். சுவர் ஓரம் சுத்தமாக இருந்தது.

"எங்க சிஸ்டர் வரிசை?"

சரோஜா சுவரையே பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் கையைக் கட்டி நின்றார்கள். சுப்புத்தாய் கூடையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

"எத்தனை மணிக்கு வந்தீங்க எல்லாரும்?" என்று டாக்டர் கேட்டார்.

"இப்பத்தான் ஐயா."

"ஆமாய்யா, இப்பத்தான்."

டாக்டர் திரும்பி நடந்தார். கார்க் கதவைத் திறந்தார். மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவள் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

அப்போது பின்னால் சத்தம் கேட்டது. அள்ளிய சாமான்களைத் திரும்ப வைக்கப் போயிருக்கிறார்கள். எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. குடைக்காரர் குடையைச் செங்கலுக்கு முன்னால் வைத்துவிட்டார்.

"ஏலே, நான் மூணரைக்கு வந்தவன்."

"அதுக்கு என்ன அத்தாட்சி? உம்ம செங்கல் பேசுமா?"

"பேசாது. மண்டையில விழும்."

"சுப்புத்தாயி கூடையை எங்கலே தள்ளுதீய? அந்தப் பொம்பள மூணே முக்காலுக்கு வந்து வச்சிட்டு மூச்சிரைக்க உக்காந்துருந்துச்சு, நான் பாத்தேன்" என்றார் துண்டுக்காரர்.

டாக்டர் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். சண்டைக்காரர்களை ஒதுங்கச் சொன்னார். டாக்டர் நிற்பதை அவர் பார்த்தார். பார்த்தும் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடுவதுபோல் சொன்னார்.

"மொத வெள்ளைப் பை, கைப்பிள்ளைக்குக் காய்ச்சலு, நாலேகாலு, முன்னால வந்தது. ரெண்டாவது செங்கல், மூணரை. மூணாவது கூடை, மூணே முக்கால். நாலாவது துண்டு, மூணே முக்கால் தாண்டி. அஞ்சாவது செருப்பு, நாலு."

ஒவ்வொன்றாகக் கீழே வந்தது. இருபத்துமூன்றும் வந்தது. சரோஜா நோட்டை வெளியே எடுக்கவில்லை. தேவையும் இல்லை. டாக்டர் நடந்து வந்தார். வரிசையின் ஓரமாக முதலிலிருந்து கடைசி வரை போனார். திரும்பி வந்து கூடை முன்னால் நின்றார்.

"தளவாய்புரத்துல இருந்து அந்நேரம் எந்த பஸ்ல வந்தீங்கம்மா?"

"பஸ் கெடையாதுய்யா. பால் வண்டியில வந்தேன்."

"போன மாசம்?"

"பால் வண்டிதான்."

"எட்டு வருஷமா?"

சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் ஐயா."

டாக்டர் டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். நான் காதர் பாயைப் பார்த்தேன். "கதவைத் தொறக்கச் சொல்லுதாரு. வீட்டுல போய்க் கண்ணாடியை எடுத்துட்டு வரச் சொல்லுதாரு" என்றார்.

அன்று ஐந்தேகாலுக்கு உட்கார்ந்தார். டோக்கன் இல்லை, பேச்சியம்மாள் இன்னும் வரவில்லை. பாய் சொன்ன வரிசைப்படி உள்ளே போனார்கள்.

"ஊருக்குப் போறவிய. சிஸ்டரம்மாவை முன்னால விடுங்க" என்றார் செங்கல்காரர்.

காதர் பாய் சரோஜாவைப் பார்த்தார். "அம்மாவுக்குக் காய்ச்சலா?"

"இல்ல."

"நாய் ஏதும் கடிச்சிருக்கா?"

"இல்ல பாய்."

"அப்ப பின்னாலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இருபத்துமூன்றாவதாக இருந்த சொம்புக்குப் பிறகு ஆய்வுத் தாளை வைத்து, காற்றில் போகாமல் மேலே ஒரு கல்லையும் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் இரண்டு டீ வாங்கி வந்தேன்.

அவள் முறை வந்தபோது எட்டு இருபத்தைந்து. டாக்டர் களைத்திருந்தார். கையை நீட்டினார். புதிய தாளில் கையெழுத்துப் போட்டார். கடைசியில் நிறுவனத்தின் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று யோசித்தார்.

"நீங்க எம்புட்டு நேரம் உட்கார்ந்தீங்க?"

"மூணு மணி பத்து நிமிஷம் டாக்டர்."

அவர் ஒரு வரி எழுதினார். சரோஜா அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"எட்டரைன்னு போர்டு மாட்டுனது நான்தான்" என்றார் டாக்டர், என்னிடம். "கழட்டுறது கஷ்டமில்ல. ஆறு மணிக்கு வந்து உட்காரலாம். உடம்பு எத்தனை நாளைக்குக் கேக்கும்னு தெரியல. பாப்போம்."

பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். பின் சீட்டுத்தான் கிடைத்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டிய பிறகு அந்த வரி என்ன என்று கேட்டேன். 'நானே வந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது, எனக்குத் தெரியாமல் இருந்தது' என்று எழுதியிருக்கிறாராம். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மதுரை வரை திரும்பவில்லை.

தபால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்துத் தேறியதாகக் கடிதம் வந்தது. அன்று அவளுக்கு நைட் டியூட்டி. போய்விட்டாள்.

அது பிறகு. ஊர் திரும்பிய மறுநாளே நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். விடியுமுன் நாலு மணிக்கு என்னை எழுப்பினாள். டியூட்டி எங்கள் இருவருக்கும் ஏழு மணிக்குத்தான்.

"காரை எடுங்க."

"எங்க?"

"நம்ம ஆஸ்பத்திரிக்கு. முன் வாசல் வழியா போங்க."

இருபது வருடமாக அவள் ஊழியர் கேட் வழியாகப் போகிறவள். நான் எமர்ஜென்சி வழியாகப் போகிறவன். முன் வாசலை அந்த நேரத்தில் இருவருமே பார்த்ததில்லை.

போனோம். விளக்கு எரிந்தது. கம்பி வேலி ஓரம் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் அட்டையை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் விழித்திருந்தார். வண்டியைப் பார்த்ததும் எழுந்து, வழி விடுவதற்காக அட்டையைச் சுருட்டப் போனார்.

சரோஜா இறங்கினாள். "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்றாள். தானும் தரையில் உட்கார்ந்தாள். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. "அட்டையை எத்தனை மணிக்கு விரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நேத்து ராத்திரி பத்துக்கு" என்றார் அந்த அம்மா.

அவள் நோட்டைத் திறந்தாள்.